அச்சகத்துக்காரர்களைத் தேடி வந்த வாரண்ட்

1771 மார்ச் 15. லண்டன் ஈவினிங் போஸ்ட் பத்திரிகையை அச்சிட்டு வந்த ஜான் மில்லரின் வீட்டுக்குள் வில்லியம் விட்டம் நுழைந்தார். நாடாளுமன்றக் கீழவையின் ஏவலர் அவர். கையில் சபாநாயகர் கையெழுத்துப் போட்ட பிடிவாரண்ட் இருந்தது. மில்லரைப் பிடித்துக்கொண்டு போய் அவையின் முன் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. மில்லர் பயந்து பின்வாசல் வழியாக ஓடவில்லை. தயாராக நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்குள் புகுந்து என் மேல் கை வைத்துவிட்டான், இவனைப் பிடியுங்கள்" என்றார். பிடிக்க வந்தவர் பிடிபட்டார்.

இருவரையும் லண்டன் மேயரின் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். மேயர் பிராஸ் கிராஸ்பிக்கு அப்போது கவுட் நோய். கால் வலி தாங்காமல் படுத்திருந்தார். அதனால் விசாரணை அவருடைய படுக்கையறையிலேயே நடந்தது. பக்கத்தில் ஆல்டர்மன்கள் இருவர், அதாவது மாஜிஸ்திரேட் அதிகாரமும் உள்ள நகரசபையின் மூத்த உறுப்பினர்கள்: ரிச்சர்ட் ஆலிவர், ஜான் வில்க்ஸ். செய்தி கேட்டு நாடாளுமன்றத்தின் துணை அதிகாரி ஓடி வந்து, மில்லரையும் தன் ஏவலரையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேயர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். இந்த வாரண்டில் லண்டன் நகர மாஜிஸ்திரேட் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? இல்லை. நகரத்துக்குள் நகர மாஜிஸ்திரேட்டின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் கைது செய்ய முடியாது, அது எங்கள் பழைய பட்டயம் கொடுத்த உரிமை என்று சொல்லி மில்லரை விடுவித்துவிட்டார். விட்டம் மேல் தாக்குதல் வழக்கு பதிவாகி, அவர் ஜாமீனில் போக வேண்டியதாயிற்று.

மில்லர் செய்த குற்றம் என்ன? நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அச்சிட்டது. அவ்வளவுதான். இன்று உள்ளூர்ப் பத்திரிகைகூட இரண்டு பக்கம் ஒதுக்கும் செய்தி அன்றைக்கு அவையின் உரிமை மீறல். கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் வெளியிட்டாலும் குற்றம்தான் என்று 1738இல் தீர்மானமே போட்டிருந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பத்திரிகை வரலாற்றைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களைத்தான் பின்தொடர்வார்கள். டீஃபோ, ஸ்விஃப்ட், போலிங்புரோக், வில்க்ஸ் என்று போகும் அந்தப் பட்டியல். நான் சிறுவயதில் விடுமுறை நாட்களைத் தாய்மாமாவின் அச்சகத்தில் கழித்தவன். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் ஆட்களின் கறுத்த விரல்களைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்தக் கதையில் என் கண் போவது அச்சகத்துக்காரர்கள் மேல்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அந்த நூற்றாண்டு முழுக்க அம்பைத்தான் நொந்துகொண்டிருந்தார்கள். எழுதியவருக்குப் பட்டமும் பதவியும் நண்பர்களும் இருந்தன, பெயரும் மறைந்திருந்தது. தாளின் அடியில் பெயரும் முகவரியும் போட்டுக்கொண்ட அச்சகத்துக்காரர்தான் முதலில் சிறைக்குப் போனார்.

ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் பார்த்துவிடலாம். அச்சிடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான், மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்தல் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. 1695க்கும் 1715க்கும் இடையில் பத்துப் பொதுத்தேர்தல்கள். அரசனின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளைச் சகித்துக்கொள்ள வேண்டும், பிரான்சுடன் போர் தொடர வேண்டும் என்ற விக் கட்சி ஒரு பக்கம். திருச்சபையும் அரசும் ஒன்று, நிலவுடைமையாளரைப் போர் வரியால் கசக்கக் கூடாது என்ற டோரி கட்சி மறுபக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. குடிக்கும் காபியைக்கூடப் பிரித்துக்கொண்டார்கள். விக்குகளுக்கு செயின்ட் ஜேம்ஸ் காபிக்கடை, டோரிகளுக்கு கோக்கோ ட்ரீ. 1702இல் இங்கிலாந்தின் முதல் நாளிதழான டெய்லி கூரன்ட் வெளிவந்தது. அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள், வெளியூர்த் தபால் கிளம்பும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வரும் பத்திரிகைகள் பெருகின. காபிக்கடையில் ஒரு பிரதியை வரிசையாகப் பலர் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார்.

அச்சுக்கு என்ன பலம் என்று கட்சிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. 1709 நவம்பர் 5 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் ஹென்றி சாஷெவரெல் என்ற டோரிப் பாதிரியார் விக்குகளைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். அது அச்சாகி ஊரெல்லாம் பரவியது. விக் அரசு அவர் மேல் நாடாளுமன்ற விசாரணை நடத்தியது. விசாரணை நடந்த 1710 மார்ச் முதல் நாள் இரவு லண்டனில் கலவரம் வெடித்து, ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளின் ஆலயங்கள் நொறுக்கப்பட்டன. அதே ஆண்டுத் தேர்தலில் டோரிகள் பெரும் வெற்றி பெற்றார்கள். அவர்களுக்காக ஸ்விஃப்ட் 1711இல் எழுதிய போர் எதிர்ப்புப் பிரசுரம் சில வாரங்களில் பல பதிப்புகள் கண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் விக்குகளின் போர் நாயகன் மார்ல்பரோ பிரபு பதவி இழந்தார். அப்படி அச்சால் ஆதாயம் அடைந்த அதே டோரி அரசுதான் 1712 ஆகஸ்டில் முத்திரை வரியைக் கொண்டுவந்தது. அரைத்தாள் பத்திரிகைக்கு அரை பென்னி, முழுத்தாளுக்கு ஒரு பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். தாளை முன்கூட்டியே பணம் கட்டி முத்திரை போட்டு வாங்க வேண்டும். கைமுதல் இல்லாத சிறு அச்சகங்கள் பல மூடிக்கொண்டன.

விக்குகள் ஆட்சிக்கு வந்ததும் நிலைமை மாறியதா? 1719இல் ஜான் மேத்யூஸ் என்ற இளைஞனை டைபர்னில் தூக்கில் போட்டார்கள். இருபது வயதுகூட நிரம்பாதவன். விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசன்தான் உண்மையான அரசன் என்று சொல்லும் ஒரு பிரசுரத்தை அச்சிட்டது ராஜதுரோகம் என்று தீர்ப்பானது. அச்சகத்தில் வேலை செய்தவர்களே சாட்சி சொன்னார்கள். அந்த நூற்றாண்டின் பத்திரிகைச் சண்டைகளை உற்சாகமாக விவரிக்கும் பல கட்டுரைகள் இந்தப் பையனை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாமல் கடந்துபோகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

ராபர்ட் வால்போல் காலத்தில் முறை நுட்பமானது. 1721 முதல் 1742 வரை இருபது ஆண்டுக்கு மேல் ஆட்சியில் இருந்தவர். தன்னைத் தாக்கிய லண்டன் ஜர்னலை 1722இல் விலைக்கே வாங்கித் தன் பக்கம் திருப்பிவிட்டார். அரசுப் பத்திரிகைகளைத் தபால் இலாகா மூலம் ஊர் ஊராக இலவசமாக அனுப்பினார். அவர் பதவி இழந்த பிறகு நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்கைத் தோண்டியது. பத்து ஆண்டுகளில் பத்திரிகை எழுத்தாளர்களுக்கும் அச்சகங்களுக்கும் கருவூலத்திலிருந்து போன தொகை 50,000 பவுண்டுக்கும் மேல். மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்கே போதனை.

எதிர்ப்பக்கம் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பத்திரிகை இருந்தது. 1726இல் தொடங்கியது. டோரியான போலிங்புரோக்கும் வால்போலோடு முறைத்துக்கொண்டு வந்த விக்கான வில்லியம் புல்ட்னியும் இதன் பின்னால் நின்றார்கள். மிகத் திறமையாக எழுதப்பட்ட பத்திரிகை, அதில் சந்தேகமே இல்லை. 1733இல் வால்போல் கொண்டுவந்த கலால் வரித் திட்டத்தை அவரே திரும்பப் பெறும் அளவுக்கு எதிர்ப்பைக் கிளப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 1731இல் அரசின் ரகசியப் பேச்சுவார்த்தையை அம்பலப்படுத்திய ஒரு கடிதத்துக்காகச் சிறைக்குப் போனது யார்? அதை வெளியிட்ட ரிச்சர்ட் பிராங்க்ளின். ஓராண்டுச் சிறை, அபராதம் வேறு. அவருக்கு அடுத்து வந்த ஹென்றி ஹெய்ன்ஸ், 1737இல் நாடகத் தணிக்கைச் சட்டத்தைக் கண்டித்த ஒரு இதழுக்காகப் பிடிபட்டார். அபராதம் கட்ட வழியில்லாமல் சிறையிலேயே கிடந்தார். பணமும் செல்வாக்கும் உள்ள தன் கட்சிக்காரர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று 1740இல் சிறையிலிருந்தே ஒரு பிரசுரம் வெளியிட்டார். எதிர்க்கட்சியின் பத்திரிகைச் சுதந்திர முழக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹெய்ன்ஸ் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

தெருவில் விற்றவர்களின் நிலை இன்னும் மோசம். டெம்பிள் பாருக்கு அருகில் கடை வைத்திருந்த ஆன் டாட், ராயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் எலிசபெத் நட் போன்ற பெண்கள்தான் பத்திரிகைகளை மொத்தமாக வாங்கிக் கூவி விற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எந்தக் கட்சிப் பத்திரிகையில் என்ன வந்தாலும் இவர்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்பட்டது. முத்திரை இல்லாத மலிவுப் பத்திரிகையைக் கூவி விற்கிறவர்களுக்கு மூன்று மாதம்வரை சிறை என்று 1743இல் சட்டம் வந்தது. பிடித்துக் கொடுப்பவருக்கு இருபது ஷில்லிங் பரிசு. ஏழை படிக்கும் தாளை ஏழையை வைத்தே பிடித்தார்கள்.

இதெல்லாம் ஒரு நாள் திரும்பியது. திருப்பியது ஜான் வில்க்ஸின் வழக்கு என்பார்கள். வில்லியம் ஹக்கிளின் வழக்கு என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

1762இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மிக நெருக்கமான பியூட் பிரபு அரசை நடத்தினார். அவரை ஆதரித்து தி பிரிட்டன் என்ற பத்திரிகை வந்தது. அதற்குப் பதிலடியாக வில்க்ஸ் தி நார்த் பிரிட்டன் தொடங்கினார். 1763 ஏப்ரல் 23 அன்று வந்த 45ஆம் இதழ், பாரிஸ் சமாதான ஒப்பந்தத்தைப் புகழ்ந்த அரச உரையைக் கிழித்தெறிந்தது. அரசுச் செயலர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஒரு பொது வாரண்டைப் பிறப்பித்தார். அதில் யார் பெயரும் இல்லை. "எழுதியவர்கள், அச்சிட்டவர்கள், வெளியிட்டவர்கள்" என்றுதான் இருந்தது. யாரைப் பிடிப்பது என்பதை ஏவலர்களே முடிவு செய்துகொள்ளலாம். 49 பேரைப் பிடித்தார்கள். ட்ரைடன் லீச் என்ற அச்சக முதலாளியை நள்ளிரவில் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனார்கள். அவருடைய ஆட்களையும் சேர்த்துப் பிடித்தார்கள். அந்த இதழை அவர் அச்சிடவே இல்லை.

அந்த ஆட்களில் ஒருவர்தான் ஹக்கிள். வாரத்துக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல், கூலி வாங்கும் அச்சுத் தொழிலாளி. ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. சாப்பிட மாட்டிறைச்சியும் குடிக்க பீரும் கொடுத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ஹக்கிள் வழக்குப் போட்டார். பிடித்து வைத்த மணி (Money) என்ற ஏவலர் மேல் வழக்கு. ஜூரி 300 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தொழிலாளிக்கு அது ஐந்து வருடக் கூலிக்கும் மேல்.

தொகை அநியாயமாக அதிகம் என்று அரசுத் தரப்பு முறையிட்டது. தலைமை நீதிபதி சார்லஸ் பிராட் அதை ஏற்கவில்லை. இந்த மனிதனுக்கு நேர்ந்த தனிப்பட்ட தொல்லையை மட்டும் எடைபோட்டால் 20 பவுண்டு போதும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஜூரி அதை மட்டும் பார்க்கவில்லை என்றார். ஒரு சாதாரண ஆளின் மேல் அரசின் ஏவலாள் வரம்பில்லாத அதிகாரத்தைச் செலுத்தியதைப் பார்த்தார்கள். பெயர் இல்லாத வாரண்டோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைவது ஸ்பானிய இன்க்விசிஷனைவிட மோசம் என்றும் அவர் சொன்னார். லீச்சுக்கு 400 பவுண்டு கிடைத்தது. வில்க்ஸ் 1,000 பவுண்டு வாங்கினார். 1766இல் பொது வாரண்ட் சட்டவிரோதம் என்று கீழவையே தீர்மானம் போட்டது. ஆறு மணி நேரக் காவலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஹக்கிள் வேலைக்குத் திரும்பியிருக்கலாம். முதலாளி ஜெயித்தால் பார்க்கலாம் என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. இன்றைக்கும் ஆங்கிலச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரில் உள்ள தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

வில்க்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தைரியசாலி, சந்தேகமில்லை. 45 என்ற எண்ணைக் கதவுகளில் எழுதி வைத்துக் கொண்டாடும் அளவுக்கு மக்கள் அவரை நேசித்தார்கள். 1769இல் மிடில்செக்ஸ் மக்கள் திரும்பத் திரும்ப அவரைத் தேர்ந்தெடுத்தும், 1,143 வாக்கு பெற்ற அவரைத் தள்ளிவிட்டு 296 வாக்கு பெற்ற லட்ரெலை உறுப்பினர் ஆக்கியது நாடாளுமன்றம். அது அப்பட்டமான அநீதி. ஆனால் தன் வீட்டில் ரகசியமாக அச்சிட்ட ஆபாசக் கவிதையின் ப்ரூஃப் வழியாகத்தான் அவர் எதிரிகளிடம் மாட்டினார். அதைக் கைமாற்றியது அவரிடமே வேலை செய்த மைக்கேல் கரி. அச்சகத் தொழிலாளிகள் எல்லோரும் தியாகிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பசிக்கும் பயத்துக்கும் இடையில் நின்றவர்கள் அவர்கள்.

இப்போது மறுபடியும் 1771. அன்று நடந்தது தற்செயல் இல்லை, வில்க்ஸும் நண்பர்களும் திட்டம் போட்டு நடத்தியது. அவைப் பேச்சுகளைப் பத்திரிகைகள் முன்பும் வெளியிட்டன, ஆனால் மாறுவேடத்தில். ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1738 முதல் அவற்றை, ஸ்விஃப்ட் கதையில் வரும் கற்பனை நாடான லில்லிபுட்டின் விவாதங்கள் என்று பெயர் மாற்றிப் போட்டது. சில ஆண்டுகள் அதை எழுதிய சாமுவேல் ஜான்சன் பெரும்பாலும் அவைக்குப் போகாமலே அறையில் உட்கார்ந்து எழுதினார். விக்குகள் வாதத்தில் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொல்லவும் செய்தார். மக்கள் தங்கள் பிரதிநிதியின் பேச்சு என்று நம்பிப் படித்தது ஒரு டோரியின் கற்பனையை.

1771 பிப்ரவரியில் மிடில்செக்ஸ் ஜர்னலின் ஜான் வீபிள், கெஸட்டியரின் ரோஜர் தாம்சன் இருவர் மேலும் ஜார்ஜ் ஆன்ஸ்லோ என்ற உறுப்பினர் புகார் கொடுத்தார். இருவரும் தலைமறைவானார்கள். பிடித்துக் கொடுத்தால் 50 பவுண்டு என்று அரச அறிவிப்பு வந்தது. மார்ச் 12 அன்று மேலும் ஆறு அச்சகத்துக்காரர்கள் மேல் புகார். எதிர்க்கட்சியினர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனாலும் எட்மண்ட் பர்க் முதலானோர் ஒவ்வொரு அடியிலும் வாக்கெடுப்புக் கேட்டு, 23 முறை அவையைப் பிரிய வைத்து, விடிகாலை வரை இழுத்தடித்தார்கள். வீபிளை இன்னோர் அச்சுத் தொழிலாளி ஏற்பாட்டின்படி "பிடித்து" வில்க்ஸ் முன் நிறுத்த, வில்க்ஸ் வீபிளை விடுவித்துவிட்டு, பிடித்தவருக்கு 50 பவுண்டு தர வேண்டும் என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். தாம்சன் ஆலிவரால் விடுவிக்கப்பட்டார். மில்லரின் கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

கீழவை ஆத்திரப்பட்டு மேயரையும் ஆலிவரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தது. விசாரணை நடந்த நாளில் கூட்டம் நாடாளுமன்றத்தை மொய்த்தது, பிரதமர் நார்த் பிரபுவின் கோச்சு வண்டி நொறுக்கப்பட்டது. வில்க்ஸை ஏப்ரல் 8 அன்று வரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அவையே கூடாமல் 9ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். மே 8 அன்று கூட்டத்தொடர் முடிந்ததும் மேயரும் ஆலிவரும் வெளியே வந்தார்கள். தடை சட்டத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவை விவாதங்களை வெளியிட்டதற்காக மட்டும் பத்திரிகைகளைத் துரத்தும் துணிவு கீழவைக்கு வரவில்லை. அந்தப் பழைய தடையைக் கீழவை முறைப்படி கைவிட்டது 1971இல்.

அனுமதி வந்ததா என்றால், அதுவும் இல்லை. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க முடியாது. ஏதாவது ஓர் உறுப்பினர் "வெளியாட்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னாலே மாடத்தைக் காலி செய்துவிடுவார்கள். வில்லியம் வுட்ஃபால் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து கேட்பார். பசிக்கு அவித்த முட்டை. பிறகு அலுவலகம் போய் நினைவிலிருந்தே பத்தி பத்தியாக எழுதி, தானே அச்சுக்கும் அனுப்புவார். அடுத்த தலைமுறையில் ஜேம்ஸ் பெரி பல நிருபர்களை முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகுதான் விவாதம் மறுநாள் காலையிலேயே கிடைத்தது. 1750இல் ஆண்டுக்கு 73 லட்சமாக இருந்த முத்திரைப் பத்திரிகைப் பிரதிகள் 1775இல் 1 கோடியே 26 லட்சம் ஆயின.

இந்தச் சண்டைக்குள் எங்கள் தஞ்சாவூரும் வந்து சேர்ந்தது. 1773இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்தது. துளஜா மன்னர் அரியணை இழந்தார். லண்டன் இயக்குநர்களின் உத்தரவுப்படி 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு அவரை மறுபடி அமர்த்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிகட்டை அவருடைய ஆலோசனைச் சபையினரே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்துபோனார். லண்டனில் இதைப் பற்றிப் பிரசுரப் போர் மூண்டது. நவாபுக்காக எழுதியவர் ஜேம்ஸ் மாக்பெர்சன். நார்த் அரசிடம் சம்பளம் வாங்கிப் பத்திரிகைகளில் எழுதி வந்தவரும் அவரே. தஞ்சை மன்னரின் பக்கம் வில்லியம் பர்க் முகவரானார், அவரும் எட்மண்ட் பர்க்கும் சேர்ந்து எழுதினார்கள். காவிரி வாய்க்காலும் தஞ்சை விளைச்சலும் யாருக்கு என்ற கேள்வி, ஆளுங்கட்சி எதிர்க்கட்சிச் சண்டையாக ஃப்ளீட் தெரு அச்சகங்களில் ஓடியது. விளைவித்தவர்களின் குரல் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. எழுதியது அவதூறா இல்லையா என்று யார் சொல்வது? அச்சிட்டானா என்பதை மட்டும் ஜூரி சொன்னால் போதும், மற்றது நீதிபதியின் வேலை என்பது மான்ஸ்ஃபீல்ட் பிரபு பிடித்திருந்த பிடி. ஜூனியஸ் என்ற புனைபெயரில் ஒருவர் மன்னருக்கே எழுதிய கடிதத்தை 1769 டிசம்பரில் வெளியிட்ட ஹென்றி சாம்ப்சன் வுட்ஃபால் மேல் வழக்கு வந்தபோது, லண்டன் ஜூரி "அச்சிட்டு வெளியிட்ட குற்றம் மட்டும்" என்று தீர்ப்புச் சொல்லி அந்தப் பிடியைத் தளர்த்தியது. வுட்ஃபால் தப்பினார். ஜூனியஸ் யார் என்பது கடைசிவரை வெளிவரவில்லை. முழுக் கேள்வியையும் ஜூரியே தீர்மானிக்கலாம் என்று சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த சட்டம் 1792இல் நிறைவேறியது.

அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டு டிசம்பரில், மனித உரிமைகளைப் பற்றி எழுதிய தாமஸ் பெயின் குற்றவாளி என்று ஒரு ஜூரி சொன்னது. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு விக் கட்சியே உடைந்துகொண்டிருந்த நேரம் அது. பெயின் அப்போது பிரான்சில் இருந்தார். அவருடைய புத்தகத்தை விற்ற சைமண்ட்ஸ், ரிட்ஜ்வே என்ற கடைக்காரர்கள் நியூகேட் சிறைக்குப் போனார்கள்.